நீர்க்காகம் உங்கள் நீரில் இறங்கிய நாள்: அனுபவங்கள்

குளக்கரை:
குளத்தில் விரல் நீள மீன்குஞ்சுகள் விட்டுப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. வெளிச்சம் வருவதற்கும் நீர்க்காகங்கள் வருவதற்கும் சரியாக இருந்தது. அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். தனித்தனியாக மூழ்கி இரை பிடிக்கும் பறவை என்றே நினைத்திருந்தேன். அன்று குளத்தின் அகலம் முழுக்க வரிசை கட்டி நின்றன. பின்னால் இருந்தவை பறந்து முன்னால் விழுந்தன. மீன்கள் ஆழமில்லாத மூலைக்கு ஒதுங்கின. தகரத்தைத் தட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன். எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி இறங்கின.

தின்றுபோன மீன்களை மறந்துவிட்டேன். பிழைத்த ஒன்றைத்தான் மறக்க முடியவில்லை. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய கெண்டை அது. சாய்ந்து சாய்ந்து நீந்தியது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் செதில் உரிந்திருந்தது, மறுபக்கம் அலகின் கொக்கி கிழித்த நீளக் கோடு. சில நாளில் அதே மாதிரிக் காயங்களில் பூஞ்சை பஞ்சாகப் படர்ந்து இன்னும் பல மிதந்தன. இழப்புக் கணக்கில் இவற்றை யார் சேர்க்கிறார்கள்?

செவுள்வலை:
எனக்கு நேர்ந்தது வேறு. வலை கனத்தது, நல்ல மீன் என்று ஆசையோடு இழுத்தேன். கழுத்தில் கண்ணி இறுகிய நீர்க்காகம், உயிரோடு. அறுத்து விடுவிப்பதற்குள் என் கட்டை விரலைக் கிழித்துவிட்டு, பயத்தில் படகுக்குள்ளேயே கக்கியது. ஏழு மீன்கள். ஏழும் விரல் நீளப் பொடிகள், நான் பிடித்து விற்கும் இனம் ஒன்றுகூட இல்லை. பிறகு விளிம்பில் ஏறி, நனைந்த இறக்கைகளை விரித்துக்கொண்டு, பச்சைக் கண்ணால் என்னையே பார்த்தது. அதுவரை நான் அவற்றைத் திட்டாத நாள் இல்லை.

தூண்டில்காரன்:
செவுள்வலை, ஏழு மீனை வைத்து அந்தப் பறவைக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். பெரிய நீர்க்காகம் ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரைக் கிலோ மீன் வேண்டும். ஏரியில் எது மலிவோ அதைத் தின்னும். வளர்ப்புக் குளத்தில் மலிவாகக் கிடைப்பது நாம் விட்ட குஞ்சுதான். நான் கண்டது ஒரே காட்சி: தன் கழுத்தைச் சுற்றிக்கொண்ட விலாங்கை நீரில் அடித்து அடித்து, தலைப்பக்கம் திருப்பி விழுங்கியது. அதற்குப் பின் என் தக்கை மாலை வரை அசையவில்லை.

குளக்கரை, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தகரமும் வெடியும் சில நாளுக்குத்தான், பழகிவிடும். பொம்மை வைத்தால் அடிக்கடி இடம் மாற்றுங்கள். இந்தப் பறவை நீர்மேல் ஓடித்தான் எழும், ஆகவே குளத்தின் குறுக்கே இடைவெளி விட்டுக் கயிறு கட்டினால் இறங்கவே தயங்கும். கயிற்றில் நாடா தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் மற்றப் பறவைகள் மோதிச் சாகும். மீன் நுழையும், பறவை நுழையாத கண்ணியில் கூண்டு செய்து அடியில் இறக்குங்கள். மீன்கள் தாமாகவே ஒதுங்கக் கற்றுக்கொள்கின்றன. குஞ்சுகளைச் சற்று வளர்த்து விடுங்கள். காலையில் வேண்டாம், பொழுது சாயும்போது, ஒரே இடத்தில் கொட்டாமல். நீர்க்காகம் கண்ணால் வேட்டையாடுவது; இரவு முழுவதும் குஞ்சுகளுக்குச் சிதற நேரம் கிடைக்கும். சுடுவதை மட்டும் அனுமதி விசாரிக்காமல் செய்யாதீர்கள், பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

தீவுமரம்:
தூண்டில்காரன் சொல்லும் அரைக் கிலோ சரி. அதைப் பறவை எண்ணிக்கையால் பெருக்கி நம் இழப்பு என்பதுதான் தவறு. அமெரிக்கப் பேரேரிகளில் வெளியிலிருந்து வந்து பெருகிய உருளைக் கோபி மீனையே நீர்க்காகங்கள் ஏராளமாகத் தின்கின்றன. அங்கே இவை பெருகியதற்கும் கதை உண்டு. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி நஞ்சு முட்டை ஓட்டை மெலிதாக்கி இனத்தையே குறைத்தது. 1972இல் அந்த நாடு அதைத் தடை செய்தபின் மீண்டன. மீண்டதைப் படையெடுப்பு என்கிறோம்.

ஆனால் எனக்கு அவற்றின்மேல் கோபம் இல்லாமல் இல்லை. கூடு கட்டிய தீவு ஒன்றில் இறங்கினேன். எச்சத்தில் இலைகள் கருகி, மரங்கள் வெள்ளை எலும்பாக நின்றன. நாற்றத்தில் கண் எரிந்தது. முட்டைகளில் எண்ணெய் தடவ வந்தவர்களுக்குத் துணையாகப் போயிருந்தேன். முட்டையை உடைத்தால் மறுபடி இடும். எண்ணெய் தடவினால் பொரியாது, தாய்க்கும் தெரியாது. நாங்கள் விலகியதும் தாய்ப்பறவை திரும்பி வந்து, அந்த முட்டைகளை அலகால் மெல்ல உருட்டிச் சரிசெய்துவிட்டு அமர்ந்தது. படகு ஏறும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குளக்கரை:
கயிறு கட்டி ஒன்பது நாள். கூட்டம் வரவில்லை. இன்று விடியலில் ஒன்றே ஒன்று, கயிறு எட்டாத மூலையில். கல்லை எடுத்துவிட்டேன். தீவுமரம் எழுதியது நினைவுக்கு வந்தது. கெண்டையும் நினைவுக்கு வந்தது. எறிந்தேன். மேலே படவில்லை, பறந்துவிட்டது. பகலில் அந்த மூலைக்கும் கயிறு கட்டினேன்.