‘தடுப்பு மருந்து’ என்று எழுதலாமா? – உயரநோய் மருந்துகள்

அன்புடையீர்,
மலையேறுவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2,500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறுவோரைத் தாக்குவதை ‘உயரநோய்’ என்றும், ஏறுவதற்கு முந்திய நாளே தொடங்கி, வேளைக்கு 125 மில்லிகிராமாக நாளுக்கு இருவேளை உட்கொள்ளும் அசிட்டசோலமைடைத் ‘தடுப்பு மருந்து’ என்றும் எழுதியிருக்கிறேன். டெக்சாமெத்தசோனும் நிஃபெடிபினும் அதே தலைப்பில் வருகின்றன. ஒரு சொல் மூன்றுக்கும் பொருந்துமா?

*

ஐயா,
முதலில் நோயின் பெயரைத் திருத்துங்கள். ‘உயரம்’ ஆளின் உயரத்தையும் குறிக்கும். வளர்த்தி தொடர்பான கோளாறு என்று கொள்ள இடமுண்டு. ‘ஏற்றநோய்’ எனில் ‘தகுந்த நோய்’ ஆகிவிடும். ‘ஓங்கல் இடைவந்து’ என்று நாம் மனப்பாடம் செய்த வெண்பாவில் ஓங்கல் மலையே. ஓங்கு என்னும் வினையடி உயர்தலையும் தருவதால் ‘ஓங்கல்நோய்’ என்பதே செப்பமான ஆக்கம்.

*

ஓங்கல் என்றால் கடலோரத்தில் டால்பின். மலையேறப் போகிறவர் அகராதியைச் சுமந்துகொண்டா ஏறுவார்?

*

மருத்துவன் என்ற முறையில் என் கவலை ‘தடுப்பு’ பற்றியது. அசிட்டசோலமைடு சிறுநீர் வழியே பைகார்பனேட்டை வெளியேற்றுவதால் குருதியின் அமிலத்தன்மை சற்றுக் கூடி, மூச்சு மிகுகிறது. உடல் சில நாட்களில் தானே செய்துகொள்ளும் இணக்கத்தை அது விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. (நான் உட்கொண்டபோது விரல்நுனிகளில் எறும்பு ஊர்ந்தது, சோடா சப்பென்றிருந்தது.) டெக்சாமெத்தசோன் மூளை வீக்கத்தைத் தணிக்கும், முன்னதை ஏற்காதவர்களுக்கு முன்கூட்டியும் தரப்படும், ஆனால் உடலை உயரத்துக்குப் பழக்காது, மேலே இருக்கையிலேயே மருந்தை நிறுத்தினால் தலைவலி மீளக்கூடும். நிஃபெடிபின் நுரையீரல் தமனியின் அழுத்தத்தைக் குறைப்பது; நுரையீரலில் நீர்கோக்கும் வகைக்கே உரியது. ‘தடுப்பு’ என்றதும் தடுப்பூசியை எண்ணும் வாசகர், தலைவலியோடு மேலே நடப்பார். அவர் செய்யவேண்டியதோ ஏறுவதை நிறுத்துவது, தணியாவிட்டால் கீழே இறங்குவது. அசிட்டசோலமைடை ‘இசைவூக்கி’ எனலாம்.

*

‘இசைவூக்கி’ பாடகர்களுக்கான லேகியம் போல் ஒலிக்கிறது. ‘இணக்க மருந்து’ போதாதா?

*

அனைவருக்கும் நன்றி. ‘உயரநோய்’ நிற்கிறது, ‘மலைநோய்’ எனின் திபெத்தியப் பீடபூமியில் இருக்கும் லாசாவில் வருவதை என்னென்பது? தலைப்பு ‘முன்காப்பு மருந்துகள்’. அதன்கீழ் அசிட்டசோலமைடு ‘இணக்க மருந்து’. மற்ற இரண்டுக்கும் புதுச்சொல் ஆக்காமல், அவை செய்யும் வேலையையே ஒரு வரியில் எழுதிவிடுகிறேன்.

*

எழுதுங்கள். அடிக்குறிப்பிலாவது ‘ஓங்கல்நோய்’ இருக்கட்டும். டால்பினுக்கு வேறு சொல் தேடித் தருகிறேன்.