மாஷிகோவில் வாங்கும் மட்பாண்டங்களைச் சென்னைக்கு எப்படி அனுப்புவது?

கேள்வி:
மே முதல் வாரம் ஜப்பானில் மாஷிகோ மட்பாண்டச் சந்தைக்குப் போகிறேன். நாலைந்து பெரிய கிண்ணம், ஒரு தேநீர்க் குடுவை வாங்க ஆசை. கடைக்காரரே அனுப்பித் தருவாரா?

பதில் 1:
கூடாரம் போட்டு விற்கும் குயவர்கள் பெரும்பாலும் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். தபால் நிலையத்தில் இஎம்எஸ் (வெளிநாட்டு விரைவுத் தபால்) போடுங்கள், 30 கிலோ வரை எடுப்பார்கள். கப்பல் தபால் மலிவு, ஆனால் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும்.

பதில் 2:
சுற்றாமல் கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்காதீங்க. ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, குடுவையின் மூடியைக் கழற்றித் தனியே வைத்து, மூக்குக்கும் கைப்பிடிக்கும் கூடுதலாகத் தாள் கொடுத்து, பெட்டியை ஆட்டினால் சத்தமே வராதபடி கட்டணும். ரசீது பத்திரம், கஸ்டம்ஸில் கேட்பார்கள்.

பதில் 3:
குடுவையை மட்டும் விமானத்தில் கையோடு கொண்டுவந்துவிடுங்க சார்.