மறு: ‘ரீவெஜிடேஷன்’ – நிலந்தேற்று என்று வைக்கலாமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை ஒருசேரப் படித்தேன். ‘பைட்டோரெமடியேஷன்’ (செடியைக் கொண்டு மண்ணின் நஞ்சை அடக்குவது), ‘ரீவெஜிடேஷன்’ (வெறுமையான நிலத்தில் மறுபடி செடி பிடிக்கவைப்பது) இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போதும் என்ற பக்கமாகப் பேச்சு சாய்கிறது. அப்படி வைத்தால் பின்னால் பெரும் குழப்பம் வரும். எங்கள் கிருஷ்ணகிரியை வைத்தே சொல்கிறேன்.

ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டுதான் ஓசூருக்குள் நுழைகிறது. அந்த ஆற்றோர மண்ணில் செடி வைத்தால் அதற்கு ஒரே வேலை: நஞ்சை உறிஞ்சுவது, இல்லையென்றால் வேரடியில் பிடித்துவைத்து நிலத்தடி நீரில் இறங்காமல் தடுப்பது. இது பைட்டோரெமடியேஷன். 1990களில் புழக்கத்துக்கு வந்த சொல். கிரேக்கமும் லத்தீனும் ஒட்டியது. ஆர்செனிக்கை இலையில் சேர்த்துவைக்கும் பெரணி ஒன்றைப் பற்றி 2001இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் பால் நிக்கல் ஏறி நீலப்பச்சையாக வடிகிறது. இப்படி நஞ்சை ஏற்றிக்கொண்ட செடியை அறுத்து, பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். ஆட்டுக்குப் போடக்கூடாது, அடுப்பில் வைக்கக்கூடாது.

கிரானைட் குவாரியை ஒட்டிக் கொட்டிக்கிடக்கும் மேடுகளின் பாடு வேறு. அங்கே முதல் குறை மண் இல்லாததுதான். எங்கள் செம்மண் பூமியில் உயிருள்ள மேல்மண் பல இடங்களில் ஒரு சாண்கூடத் தேறாது. விதை, மக்கு, வேர்ப்பூஞ்சை எல்லாம் அதற்குள்தான். 1999ஆம் ஆண்டு கிரானைட் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளே மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்துத் திரும்பப் பயன்படுத்தச் சொல்கின்றன. எடுத்துவைத்தாலும் ஆண்டுக்கணக்கில் குவியலாகக் கிடந்தால் அடியில் காற்றில்லாமல் உயிர் செத்துப்போகும். மொரம்பும் கல்லும் கலந்த சரிவில் மழை நிற்காது. கோடையில் கல் சுட்டு, முளைத்ததும் கருகும். இங்கே செடி நஞ்சை எடுக்க வரவில்லை. வேர் பிடித்து, நிழல் கொடுத்து, இலை உதிர்த்து, பின்னால் வரப்போகும் மரத்துக்கு இடம் செய்து கொடுக்க வருகிறது. இது ரீவெஜிடேஷன்.

பழைய கழிவு மேடு ஒன்றில் கொழுஞ்சியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் கடுகளவு முண்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருக்கும் தழைச்சத்தை அது பிடித்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள். கொழுஞ்சித் தூரைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மண் கருத்திருந்தது, சின்னதாக ஒரு விராலி முளைத்திருந்தது. ஓரடி தள்ளினால் வெறும் சல்லி. இந்த ஒரு கை அகலத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

> ‘பசுமையாக்கம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, எங்கள் மேலகிரி மலைப் பக்கம் வந்து பாருங்கள். உண்ணிச்செடி (லந்தானா) மண்டிய சரிவு தூரத்திலிருந்து பச்சைப்பசேல் என்றுதான் தெரியும். கிட்டே போனால் புல் இல்லை, மரக்கன்று இல்லை, மாடு நுழைய வழியில்லை. சீமைக்கருவேலம் மூடிய ஏரியும் பச்சைதான். இந்தச் சொல்லை ஏற்றால் அவற்றையும் வெற்றிக் கணக்கில் எழுத இடம் கொடுத்துவிடுவோம். அறிக்கை எழுதுகிறவர்கள் சொல்லின் ஓட்டையில்தான் புகுவார்கள்.

> அப்படியானால் ‘நில மீட்பு’?

‘அரசு நிலம் மீட்பு’ என்று நாளிதழில் தலைப்பு வந்தால் ஆக்கிரமிப்பை அகற்றினார்கள் என்றுதான் தருமபுரியில் யாரும் படிப்பார்கள். வருவாய்த் துறையிடமிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்க முடியாது. ‘சீரமைப்பு’ என்றால் ஜேசிபி வந்து சமன் செய்வது. ‘புனரமைப்பு’ கோயிலுக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை: நிலந்தேற்று. வினையாக, நிலந்தேற்றுதல்.

இது நான் அகராதியைப் புரட்டி எடுத்ததல்ல. பாலக்கோடு பக்கம் எங்கள் பெரியம்மா கொல்லையில் ரோட்டு வேலைக்கென்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் கொள்ளு விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுகிறார். ஏன் பெரியம்மா, கேவுரு (கேழ்வரகு) போடலாமே என்றால், “கொல்ல இன்னும் தேறலப்பா. இன்னும் ரெண்டு மழைக்குக் கொள்ளு போட்டு மடக்கி ஓட்டுனாத்தான் தேறும்” என்கிறார். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கும், கழிச்சல் கண்ட கன்றுக்கும், அடிபட்ட நிலத்துக்கும் எங்கள் ஊரில் இதே வினைதான். தன்வினை தேறு, பிறவினை தேற்று. தானாகத் தேற முடியாத நிலத்தை நாம் தேற்றுகிறோம்.

> ‘தேற்றம்’ கணிதத்தில் இருக்கிறதே. பித்தகோரஸ் தேற்றம் போல நிலத்தேற்றம் என்று படிக்க மாட்டார்களா?

அம்மா, நீங்கள் கேட்பது சரி. அதனால்தான் ‘-அம்’ சேர்க்காமல் மாற்று, கூற்று, ஊற்று போலத் ‘தேற்று’ என்று நிறுத்தினேன். ‘தேற்றல்’ என்றாலும் எனக்கு மறுப்பில்லை. தேற்றம் மட்டும் வேண்டாம்.

> இந்தச் சொல்லில் தாவரம் எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி. கல் வரப்பு கட்டுவது, சரிவை வெட்டிப் படி எடுப்பது எல்லாம் துணை வேலைகள். நிலத்தைத் தேற்றி முடிப்பது செடியே. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘செடிவழி நிலந்தேற்று’ எனலாம். இன்னொன்று: கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறம் தேய்க்கும் தேற்றாங்கொட்டையை நினைத்துப் பாருங்கள். இல்லம் என்னும் அந்த மரத்தின் விதையால் கலங்கிய நீரைத் தேற்றுவது கலித்தொகையில் உவமையாகவே வருகிறது. ஒரு தாவரத்தைக் கொண்டு கெட்டதைத் தெளியவைக்கும் செயலுக்குத் தமிழ் ஏற்கெனவே கையாண்ட வினை இது.

இதிலிருந்து பிள்ளைச்சொற்கள் பிறக்குமா என்றும் பார்த்தேன். முதலில் ஊன்றும் கொழுஞ்சி, விராலி, கொழுக்கட்டைப்புல் போன்றவை ‘தேற்றுச்செடி’. வேலை நடந்துகொண்டிருக்கும் இடம் ‘தேறுநிலம்’. “குவாரி மேட்டில் தேற்றுச்செடி பிடித்த பிறகே துரிஞ்சலும் ஆச்சாவும் நட வேண்டும்” என்று எழுதிப் பார்க்கிறேன், தட்டாமல் ஓடுகிறது. இதையே ‘முன்னோடித் தாவர இனங்கள் நிலைபெற்ற பின்னர்’ என்று எழுதினால் நடப்போகிறவருக்குப் புரியாது. ஆச்சாவை வேண்டுமென்றே சொன்னேன். பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் பாறை இடுக்கில் நின்று பழகிய மரம் அது. மேட்டில் என்ன வரவேண்டும் என்பதைப் பக்கத்துக் காட்டைப் பார்த்து முடிவு செய்வதும் நிலந்தேற்றில் அடங்க வேண்டும் என்று வரையறையிலேயே எழுதிவிடக் கேட்டுக்கொள்கிறேன். வேகமாக வளர்கிறது என்பதற்காக எதையாவது நட்டுவிட்டுப் போவதற்கு இந்தச் சொல் உதவக்கூடாது.

பைட்டோரெமடியேஷனுக்குக் குழுவில் முன்பே வந்த ‘தாவர நஞ்சகற்றல்’ போதும். ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது: வெட்டிவேர் நஞ்சை அகற்றுவதைவிட வேரடியில் பிடித்துவைப்பதே அதிகம். அதை அகற்றல் என்று சொல்ல முடியாது. அந்த உட்பிரிவுக்கு ‘நஞ்சுபிணிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘பிணி’ நோயை நினைவூட்டுகிறது என்று இன்னொருவர் மறுத்தார். எனக்கு ‘நஞ்சுகட்டல்’ பிடித்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் பாதரசத்தை ஓடாமல் இறுகவைப்பதைக் ‘கட்டுவது’ என்று சொல்லும் வழக்கு உண்டு. மருத்துவம் படித்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அந்த வழக்கோடு இது மோதுமா என்று சொன்னால், அடுத்த பட்டியலில் நிலந்தேற்று, நஞ்சுகட்டல் இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து