கடவுள் மறுப்பாளர்கள் பௌத்தத்தைச் சந்தித்த கதை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வேப்பேரி வாசகன்:
அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியார் திடல் கூட்டங்களுக்குப் போய் வளர்ந்தவன் நான். கடவுள் இல்லை என்பதில் அன்றும் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அப்பா போனபோது துக்கம் கேட்க வந்தவர்கள் ஆன்மா, சொர்க்கம் என்று பேசினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது. ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் எதுவும் அகப்படவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான பெரியப்பா பௌத்தக் காப்பியமான மணிமேகலையைக் கையில் கொடுத்து, "கதை அப்புறம் இருக்கட்டும்பா, 27ஆம் காதையிலிருந்து படி" என்றார். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. கடைசியாகப் பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்பவன். இந்தப் பிறவி ஒன்றுதான், மற்றதெல்லாம் பொய் என்கிறான். நம்ம ஆள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

எத்தனை மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன்! இப்படி ஒரு கேள்வியை எந்த எதிராளியும் கேட்டதில்லை.

29ஆம் காதைதான் என்னை முழுக்கப் பிடித்துக்கொண்டது. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குப் பாடம் சொல்கிறார். அறிவதற்கு வழி இரண்டே: நேரே காண்பது, கண்டதை வைத்துக் கருதுவது. 'இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல' என்று தொடங்கி, எந்த ஏது, அதாவது காரணம், செல்லும், எது போலி என்று வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். துறவு பூண வந்தவளுக்கு முதலில் தர்க்கம் கற்றுக்கொடுக்கிற குரு! அடுத்த காதையில்தான் துக்கம் வருகிறது. அதற்கும் அதே முறைதான். நுகர்வால் வேட்கை, வேட்கையால் பற்று என்று 12 சார்புகள். ஒன்று அற்றால் அதைச் சார்ந்த அடுத்ததும் அறும். யாரும் தண்டிப்பதில்லை, யாரும் அருள்வதுமில்லை. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அதுதான்.

அடையாறு ஆசிரியை:
காலாம சுத்தம் என்கிற புத்தரின் உரை வழியாகப் பௌத்தத்துக்குள் வந்தவள் நான். பரம்பரைச் சொல், வதந்தி, நூல், குரு என்று எதற்காகவும் ஒன்றை அப்படியே ஏற்காதீர்கள் என்று கேசபுத்த ஊர் மக்களுக்குப் புத்தர் சொன்னது. பகுத்தறிவாளர்கள் அதை ஆசையாக மேற்கோள் காட்டுவோம். ஆனால் தோழர், அதே பட்டியலில் வெறும் தர்க்கமும் அனுமானமும்கூட இருக்கின்றன. பேராசையும் வெறுப்பும் மயக்கமும் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று நீங்களே வாழ்ந்து பாருங்கள் என்பதுதான் அங்கே உரைகல். வாதத்தில் ஜெயிப்பதோடு நின்றுவிடுகிற நம் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து. சரி, மறுபிறப்பை நீங்கள் என்ன செய்தீர்கள்?

பெரம்பூர்க்காரி:
எங்கள் வீட்டில் பௌத்தம் தாத்தா காலத்திலிருந்தே உண்டு. அது சாதியை எதிர்த்து எடுத்த முடிவு. அதைச் சொல்லாமல் தத்துவம் மட்டும் பேசினால் எனக்கு ஒப்பாது. அயோத்திதாசர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை 1898இல் நிறுவினார். பச்சையப்பன் கல்லூரியில் அறிவியல் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு 1907இல் பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை, 1948இல் முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். அறிவியல் படித்தவரும் சாதியை எதிர்த்தவரும் இந்த ஊரில் 100 வருஷத்துக்கு முன்பே புத்தரிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அண்ணா, நீங்கள் புதுசாக எங்கேயும் போகவில்லை.

வேப்பேரி வாசகன்:
நன்றிம்மா, நரசுவை உடனே தேடிப் படிக்கிறேன்.

ஆசிரியைக்கு: மறுபிறப்பை நான் ஏற்கவில்லை. எழும்பூர் கென்னட் லேன் மகாபோதி சங்கத்தில் ஒரு பிக்குவிடம் அதை நேராகவே சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மாலுங்கியபுத்தன் என்ற சீடருக்குப் புத்தர் சொன்ன கதையைச் சொன்னார்: விஷ அம்பு தைத்தவன், எய்தவன் யார், எந்த ஊர், என்ன குலம் என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் செத்துத்தான் போவான். "உங்களுக்குத் துக்கம் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்படியானால் உட்காருங்கள்" என்றார்.

பெரியாரும் 1954இல் பர்மாவில் பௌத்த மாநாட்டுக்குப் போய் அம்பேத்கரைச் சந்தித்தார். அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். பெரியார் சேரவில்லை, ஆனால் கடைசிவரை புத்தரைப் பேசினார். நானும் எதிலும் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருகிறேன், கேள்வி கேட்கிறேன். இதுவரை யாரும் வாயை மூடு என்று சொன்னதில்லை.