பியானோவில் இரு கைக்கும் நோட்ஸ் (இசைக்குறிப்பு) வாசிக்கப் பழகுவது எப்படி?

வணக்கம். நான் திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறேன். நாற்பது வயதுக்குப் பிறகு பியானோ ஆசை வந்து, 61 கட்டை கீபோட் ஒன்றில் எட்டு மாதமாகப் பழகுகிறேன்.

வலது கைக்குரிய ட்ரெபிள் கிளெஃப் (உயர்ந்த சுரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரி) இப்போது ஓரளவு ஓடுகிறது. இடது கையின் பேஸ் கிளெஃப்தான் (தாழ்ந்த சுரங்களுக்கான வரி) வில்லங்கம். ட்ரெபிளில் அடிக்கோடு ஈ (E) சுரம், பேஸில் அதே அடிக்கோடு ஜி (G). அது மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை! ஜி இருக்கும் இடத்தில் ஈயைத் தட்டிவிட்டு, ஏதோ பிசகுகிறதே என்று முழிப்பேன். கீபோட்டின் நடுவிலுள்ள சி (C) கட்டையிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு போனால் கண்டுபிடிக்கலாம், ஆனால் அதற்குள் தாளம் போய்விடும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒவ்வொரு கையாக வாசித்தால் சரி. இரண்டையும் சேர்த்தால் இடது கை அப்படியே நின்றுவிடுகிறது. நோட்ஸுக்குப் பக்கத்தில் அவற்றின் எழுத்துகளை பென்சிலால் எழுதியும் பார்த்தேன். அப்புறம் நோட் புள்ளியை விட்டுவிட்டு எழுத்தைத்தான் கண் தேடியது, அழித்துவிட்டேன்.

பழகிய அண்ணாமார், அக்காமாரிடம் கேட்கிறேன்: இரண்டு வரிகளையும் கீழிருந்து மேலாக ஒன்றாகப் பார்ப்பதா, கையைத் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிட்டுச் சேர்ப்பதா? திருகோணமலை நகருக்குள் பெரியவர்களுக்கும் சொல்லித்தரும் ஆசிரியர் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாலை ஐந்துக்குப் பிறகு வரமுடியும்.