வீட்டு சிமுலேட்டரில் பழகிவிட்டு செஸ்னாவில் ஏறினால் லாபமா, தலைவலியா?

ஓடுபாதை12:

கனடாவில் டொராண்டோ பக்கம், ஓஷாவாவில் ஒரு செஸ்னா 172 சிறு விமானத்தில் பங்கு வைத்துப் பறக்கிற ஆள் நான். தனியார் விமானி உரிமம் (பிபிஎல்) மட்டும்தான், பிழைப்பு வேறு. புதிதாக வரும் நம் பையன்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் நன்றாகப் பழகிவிட்டு வந்தால் பயிற்சிக் காசு மிச்சமாகுமா?"

ஆகாது என்பது என் கட்சி. கூடத்தான் செலவாகும்.

பிபிஎல் என்பது கண்ணால் பார்த்துப் பறப்பது. மூக்கு தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, சிறகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் வேறு விமானம் வருகிறதா என்று வெளியே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவிகளை ஓரக்கண்ணால் ஒரு நொடி பார்த்தால் போதும். சிமுலேட்டர் பையன்களுக்கு இது தலைகீழ். டாஷ்போர்டை விட்டுக் கண் நகராது. முழு த்ராட்டில் கொடுத்ததும் 172 இடது பக்கம் இழுக்கும், வலது காலால் ரடர் (வால் சுக்கான்) பெடலை அழுத்த வேண்டும். இவர்களோ வேகமானியில் 55 வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், விமானம் ஓடுபாதையின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வாடகை விமானமும் இன்ஸ்ட்ரக்டரும் சேர்ந்து மணிக்கு இருநூறு டாலருக்கு மேல் ஆகிறது. அந்தக் காசைப் போட்டு இந்தப் பழக்கத்தை மறக்கடிக்க வேண்டுமா?

நீலவான்:

ஓடுபாதை அண்ணா, நான் அப்படி வந்த பையன்தான். இப்போது பிபிஎல் மாணவன்.

ரடர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். மற்றது? முதல் நாளே செக்லிஸ்ட் எனக்கு அத்துப்படி. கார்பரேட்டர் ஹீட் (கார்பரேட்டரில் பனி கட்டாமல் சூடேற்றுவது) எதற்கு, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) எப்போது, ஃப்ளாப் (சிறகின் பின்மடிப்பு) எந்த வேகத்துக்குக் கீழே என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் தன்னார்வ வான்போக்குவரத்துக் கன்ட்ரோலர்களுடன் பேசிப் பழகியிருந்ததால் ரேடியோவில் நாக்கு குழறவும் இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மைக்கைத் தொடவே பயந்தார்கள்.

இன்னொன்று. உடம்பு சொல்வதை நம்பிப் பறப்பதுதான் நிஜம் என்கிற தொனி உங்கள் பதிவில் இருக்கிறது. மேகத்துக்குள் அந்த உடம்பே பொய் சொல்லும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாதவர்களை வெளியே எதுவும் தெரியாதபடி பறக்க விட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். பார்வை மறைக்கும் ஹுட் போட்டுச் செய்யும் பயிற்சியில் டாஷ்போர்டை விட்டு நகராத என் கண்ணுக்குத்தான் வேலை சுலபமாக இருந்தது.

சிமுலேட்டர் விளையாட்டுச் சாமான் என்றால் எட்வின் லிங்க் செய்ததும் விளையாட்டுச் சாமான்தானே? 1929-இல் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டு அசையும் பெட்டி ஒன்றைக் கட்டினார். பல ஆண்டுகள் அது பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான் ஓடியது. 1934-இல் தபால் ஏற்றப் போய் மோசமான வானிலையில் விமானிகளைப் பறிகொடுத்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ஒன்டாரியோவில் கனனாக்வேயிலேயே லிங்க் பெட்டி தயாரித்தார்கள். நீங்கள் பறக்கிற ஓஷாவா விமான நிலையமும் போர்க்கால விமானிப் பயிற்சித் திட்டத்துக்காக 1941-இல் வந்ததுதான்.

ஓடுபாதை12:

லிங்க் பெட்டி கருவிப் பறத்தலுக்கு. நான் பேசுவது கண்ணால் பறப்பதைப் பற்றி. இரண்டையும் குழப்பாதே தம்பி.

ட்ரிம்மை, அதாவது மூக்கின் நிலையை அப்படியே நிறுத்திக் கைப்பாரத்தைக் குறைக்கும் அமைப்பை எடுத்துக்கொள். நிஜ விமானத்தில் யோக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை) பிடித்திருக்கும் கையில் பாரம் தெரியும். ட்ரிம் சக்கரத்தை உருட்ட உருட்ட அந்தப் பாரம் குறைந்து, கடைசியில் இரண்டு விரல் போதும் என்று வரும். அந்த நிம்மதிதான் ட்ரிம். வீட்டு ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கேதான் இழுக்கும். ட்ரிம் செய்தாலும் செய்யாவிட்டாலும் கைக்கு ஒரே கனம். அதனால் சிமுலேட்டர் பையன்கள் ட்ரிம் சக்கரத்தைத் தொடவே மாட்டார்கள். முழு நேரமும் யோக்கோடு மல்லுக்கட்டி, இறங்கும்போது கை வலிக்கிறது என்பார்கள்.

தரைக்கு மேலே பத்துப் பதினைந்து அடியில் மூக்கைத் தூக்கும் ஃப்ளேர் இன்னும் மோசம். தரை எழும்பி வருவதைக் கண்ணின் ஓரங்கள்தான் உணரும். தட்டையான திரையில் ஓரம் ஏது?

குளிர்காலத்தில் சிறகில் படிந்த உறைபனியைத் துடைப்பதையும் சொல்ல வேண்டும். அது இருந்தால் கிளம்பவே கூடாது என்பது கனடாச் சட்டம். சிறகின் அடியில் கண்ணாடிக் குவளையைப் பிடித்துப் பெட்ரோல் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நீல நிறம் வர வேண்டும், அடியில் தண்ணீர் முத்து இருக்கக்கூடாது. உங்கள் சிமுலேட்டரில் விமானம் ஓடுபாதையில் என்ஜின் ஓடிக்கொண்டே உனக்காகக் காத்திருக்கும்.

காற்றுத்திசை:

இன்ஸ்ட்ரக்டராக இருப்பதால் இரண்டு பக்கமும் கொஞ்சம் குட்டு வைக்கிறேன்.

முதலில் கணக்கு. கனடாவில் பிபிஎல்லுக்குக் குறைந்தபட்சம் 45 மணி நேரம். அதில் 17 இன்ஸ்ட்ரக்டரோடு, 12 தனியாக. இந்த 45-இல் அதிகபட்சம் 5 மணி நேரம்தான் சிமுலேட்டரில் செய்யலாம். அதுவும் அரசு அங்கீகரித்த சாதனத்தில், இன்ஸ்ட்ரக்டரோடு. உன் அறையில் இருப்பதில் எத்தனை ஆயிரம் மணி ஓட்டினாலும் பதிவேட்டில் பூஜ்யம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வருகிறவர்கள் இப்போதும் உண்டு.

நீலவான், நீ சொல்வது சரிதான். நடைமுறைகள், ரேடியோ, வழிகாணல், ஹுட் பயிற்சி, எல்லாவற்றிலும் சிமுலேட்டர் பிள்ளைகள் முன்னால் நிற்கிறார்கள். ஆனால் அது முன்னால் நிற்பதாகத் தோன்றுவதுதான் ஆபத்தும். நாலாவது பாடத்திலேயே "தனியாக எப்போது விடுவீர்கள்?" என்று கேட்பார்கள்.

டாஷ்போர்டு நோய்க்கு என் மருந்து சுலபம். வேகமானி மேலும் உயரமானி மேலும் மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுவேன். கண்ணாடித் திரை இருக்கும் விமானம் என்றால் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிடுவேன். கொஞ்ச நேரம் சிலேட்டைப் பிடுங்கிய பிள்ளை மாதிரி முழிப்பார்கள். அப்புறம் காற்றின் சத்தம், யோக்கின் கனம், தொடுவானம் என்று வேறு வழி தேட ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு பாடத்தில் சரியாகிவிடும். "கூடத்தான் செலவாகும்" என்ற ஓடுபாதையின் கணக்கு நான் பார்த்தவரை பொருந்தவில்லை.

கரவெட்டியான்:

நான் விமானத்தில் பயணியாக ஏறியதோடு சரி. ட்ரோன் ஓட்டுகிறேன், மேம்பட்ட சான்றிதழ் இருக்கிறது. மார்க்கம் பக்கம் கூரை பார்ப்பது, கலியாண வீட்டு வீடியோ எடுப்பது என்று வேலை. கதை நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், ஆனால் எங்கள் பக்கத்தில் இந்தச் சண்டையே கிடையாது. சிமுலேட்டரில் பழகாமல் எஃப்பிவி ட்ரோனை (அதன் கேமரா காட்டும் படத்தைப் பார்த்தே ஓட்டுவது) முதல் நாளே வெளியில் கொண்டுபோனவர் பெரும்பாலும் அன்றைக்கே உடைத்துக்கொண்டுதான் வீடு வருவார். சிமுலேட்டரில் நூறு தரம் விழுத்தினாலும் சல்லிக்காசு செலவில்லை.

ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்தால் விளங்கும். ட்ரோனில் நிஜத்திலும் கையில் இரண்டு குச்சி, கண் முன்னால் ஒரு திரை. சிமுலேட்டரிலும் அதே குச்சி, அதே திரை. உடம்பு இரண்டிலும் தரையில்தான் நிற்கிறது. அதனால் அங்கே பழகியது அப்படியே இங்கே வரும். உங்கள் செஸ்னாவில் உடம்பும் கூடப் பறக்கிறது, அந்தப் பாகத்தைத்தான் சிமுலேட்டரால் தர முடியவில்லை. ஓடுபாதை தம்பி சொல்லும் ட்ரிம், ஃப்ளேர், கால், எல்லாம் உடம்புச் சமாச்சாரம்தான். நீலவான் சொல்லும் செக்லிஸ்ட், ரேடியோ எல்லாம் தலைச் சமாச்சாரம். இரண்டு பேரும் வேறு வேறு பாகத்தைப் பிடித்துக்கொண்டு அடிபடுகிறீர்கள்.

ஓடுபாதை12:

அண்ணே, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் "கண் முன்னால் ஒரு திரை" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதுதான் எனக்குப் பயம்.

உங்கள் ஊரிலேயே நடந்தது. 2021 ஆகஸ்ட் 10, பட்டன்வில் விமான நிலையம். ஒரு செஸ்னா 172, மாணவரும் இன்ஸ்ட்ரக்டரும், இறங்குவதற்கு ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேரான கடைசிக் கட்டத்தில், வருகிறார்கள். திடீரென்று ஓர் அதிர்வு. பறவை என்று நினைத்துக்கொண்டு பத்திரமாக இறங்கிவிட்டார்கள். கீழே வந்து பார்த்தால் என்ஜின் மூடியில் ஒடுக்கு, இறகு எதுவும் இல்லை. மோதியது யார்க் பிராந்தியக் காவல்துறையின் ட்ரோன். ஏதோ ஒரு காவல் பணிக்காக 400 அடி உயரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு வான்வெளிக்குள், அனுமதி கேட்காமல். ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, காவல்துறை ஆள். வானத்தைப் பார்த்துக்கொள்ளவென்று பக்கத்தில் இன்னொருவர் இருந்தும் பயனில்லை.

அசையாமல் நிற்கும் சின்னப் பொருளை ஃபைனலில் வரும் விமானியால் பார்க்கவே முடியாது. நகராத புள்ளி கண்ணில் படாது. "பார், விலகு" என்கிற எங்கள் விதி ட்ரோனிடம் செல்லாது. விலக வேண்டிய பொறுப்பு மொத்தமும் உங்கள் பக்கம்தான், ஆனால் நீங்கள் பார்ப்பதோ திரையை.

கரவெட்டியான்:

பட்டன்வில் கதையை வைத்து எங்களை அடிப்பீர்கள் என்று தெரியும். பிழை பிழைதான், அதற்கு வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் சட்டத்தையும் சொல்லுங்கள். 250 கிராமிலிருந்து 25 கிலோ வரைக்கும் பதிவும் சான்றிதழும் வேண்டும். மேம்பட்ட சான்றிதழுக்கு 50 கேள்வி, 80 விழுக்காடு எடுக்க வேண்டும், அதற்குமேல் ஒருவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். வான்வெளி வகுப்பு, வானிலை, விமானிகளுக்கான அறிவிப்புகள் எல்லாம் படித்துத்தான் எழுதினேன். கட்டுப்பாட்டு வான்வெளி என்றால் வான்போக்குவரத்தைக் கவனிக்கும் நாவ் கனடாவின் செயலியில் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவேன். 400 அடிக்கு மேல் நாங்கள் போவதில்லை. ஊருக்கு மேலே நீங்கள் 1,000 அடிக்குக் கீழே வரக்கூடாது. இரண்டு பேரும் விதியை வடிவாகக் கடைப்பிடித்தால் சந்திக்கிற இடம் விமான நிலையத்தைச் சுற்றி மட்டும்தான். கோடையில் ஏரிக்கரை வீடுகளுக்கு மேலே உரசிக்கொண்டு போகும் செஸ்னாக்களை நாங்களும் பார்க்கிறோம்.

எனக்குக் கோபம் வருவது 250 கிராமுக்குக் குறைந்ததை வாங்கிக்கொண்டு "எனக்குச் சான்றிதழ் தேவையில்லை" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் மேல்தான். சான்றிதழ் இல்லாமல் ஓட்டலாம், ஆபத்தாக ஓட்ட எவருக்கும் அனுமதி இல்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைக்கக் கியூபெக்கிலிருந்து போன தண்ணீர் விமானத்தின் இடது சிறகில் ஓட்டை போட்டது ஒரு சின்ன ட்ரோன். அதை ஓட்டியவர் வேடிக்கை பார்க்க வாகன நிறுத்துமிடக் கட்டடத்தின் மேலிருந்து ஏற்றியிருக்கிறார். கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு விட்டுவிட்டார். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது அந்த விமானம் தரையில் கிடந்தது.

நீலவான்:

ஒரு நிமிடம். திரையைப் பார்ப்பது சிமுலேட்டர்காரனுக்கும் ட்ரோன்காரருக்கும் மட்டும் உள்ள வியாதியா? ஓடுபாதை அண்ணா, உங்கள் முட்டியில் கட்டியிருக்கும் ஐபேட் என்ன? எங்கள் பள்ளியில் பழைய விமானிகளைப் பார்க்கிறேன். சர்க்கியூட்டில் (இறங்குவதற்கு முன் விமான நிலையத்தைச் சுற்றும் பாதை) நாலு விமானம் சுற்றிக்கொண்டிருக்கும்போது குனிந்து வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். 2023-இல் பட்டன்வில் மூடிய பிறகு இந்தப் பக்கச் சர்க்கியூட் எவ்வளவு நெரிசல் என்று உங்களுக்கே தெரியும்.

ஓடுபாதை12:

ஐபேடில் பக்கத்து விமானங்களும் தெரியும் தம்பி.

காற்றுத்திசை:

தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் விமானங்கள் மட்டும்தான் தெரியும், ஓடுபாதை. அப்படி ஒலிபரப்ப உதவும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியே இல்லாத, பைப்பர் கப் மாதிரிப் பழைய சிறு விமானம் தெரியாது. பட்டன்வில்லில் நின்ற ட்ரோனும் தெரிந்திருக்காது. இந்தப் புள்ளி நீலவானுக்குத்தான்.

புதுமுகம்:

இத்தனை நாளும் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். கோடையில் பிபிஎல் சேர இருக்கிறேன். அதுவரை வீட்டில் சிமுலேட்டர் போடலாமா, வேண்டாமா? யோக், பெடல் எல்லாம் விலை பார்த்தால் தலை சுற்றுகிறது.

காற்றுத்திசை:

போடுங்கள். யோக் வேண்டாம், கையில் இருக்கும் ஜாய்ஸ்டிக் போதும். வாங்குவதானால் பெடல் வாங்குங்கள், ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரடர் போடும் பழக்கம்தான் மறக்கக் கஷ்டம். டாஷ்போர்டை மறைத்து வைத்து ஓட்டிப் பாருங்கள். நீங்கள் சேரப்போகும் பள்ளியின் செக்லிஸ்டை வாங்கி அதையே வைத்துப் பழகுங்கள், இணையத்தில் கிடைப்பதை அல்ல. இறங்கிப் பழகவே வேண்டாம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஓடுபாதை12:

பெடல் வாங்கும் காசுக்கு வானத்தில் ஒரு மணி நேரம் இருக்கலாம். இன்னும் அதே கட்சிதான் நான்.

நீலவான்:

புதுமுகம், பெடலுக்குக் காசு வேண்டாம். என் பழைய பெடல் சும்மா கிடக்கிறது, ஸ்காபரோ பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இடது பெடல் கொஞ்சம் கிறீச்சிடும், எண்ணெய் போட்டால் சரியாகிவிடும்.