சவுத்பேங்க் ஸ்கேட்போர்டு தளம் எப்படித் தப்பியது?

கேள்வி: லண்டனில் குயின் எலிசபெத் அரங்கின் அடியில், 1970-களிலிருந்து இளைஞர்கள் ஸ்கேட்போர்டு ஓட்டிவரும் இடத்தைக் கடைகளாக மாற்றும் திட்டம் 2013-இல் அறிவிக்கப்பட்டதே, அது எவ்வாறு கைவிடப்பட்டது?

மறுமொழி 1: அரங்கை நடத்தும் சவுத்பேங்க் சென்டர் நிர்வாகத்தினர், அருகிலுள்ள ஹங்கர்ஃபோர்டு பாலத்தடியில் புதிய தளம் அமைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால், விளையாட்டுக்கென்று கட்டப்படாத அந்தக் கான்கிரீட் சரிவுகளும் தூண்களுமே அவ்விடத்தின் உயிர் என்று கூறி ஸ்கேட்டர்கள் அதை ஏற்க மறுத்து, அங்கேயே மேசை போட்டு, வருவோர் போவோரிடம் ஆதரவுக் கையெழுத்துத் திரட்டினார்கள்.

மறுமொழி 2: கையெழுத்து மட்டும் போதாது, ஐயா. 2014 செப்டம்பரில், சவுத்பேங்க் சென்டரும் ஸ்கேட்டர்களும், அப்பகுதியின் உள்ளாட்சி அமைப்பான லாம்பெத் மன்றமும் சேர்ந்து, நகரத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் கையொப்பமிட்ட ஒப்பந்தமே அவ்விடத்துக்கு நீண்டகாலப் பாதுகாப்பைத் தந்தது. வாய்மொழி உறுதியை நம்பியிருந்தால் இன்று அங்கே உணவகங்கள்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

மறுமொழி 3: நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த பகுதியும் சீரமைக்கப்பட்டு 2019-இல் திறக்கப்பட்டது, அதற்கு நிதி திரட்டியதிலும் ஸ்கேட்டர்களுக்குப் பங்குண்டு.